தனித்தொகுதி இல்லாத அவை

(புரட்சியாளர் அம்பேத்கர் நினைவு நாளையொட்டித் திருவையாற்றில் ஆற்றிய நினைவுரையின் எழுத்து வடிவம்)



1956 டிசம்பர் 6 அன்று டெல்லியில் புரட்சியாளர் அம்பேத்கர் மறைந்தபோது அவர் என்ன பொறுப்பில் இருந்தார்? சட்ட அமைச்சர் பதவியை 1951லேயே உதறிவிட்டு வெளியே வந்துவிட்டார். 1952இல் வடக்கு பம்பாய் மக்களவைத் தொகுதியில் தோற்கடிக்கப்பட்டார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்கடிக்கப்பட்டார். ஆனாலும் இறக்கும்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர்தான். மாநிலங்களவை உறுப்பினர், அதாவது ராஜ்யசபா எம்.பி. பம்பாய்ச் சட்டமன்ற உறுப்பினர்கள் போட்ட ஓட்டில் 1952இல் அந்த அவைக்குள் போனார். நேரடித் தேர்தல் இரண்டு முறை சாத்திய கதவை மறைமுகத் தேர்தல் திறந்துவிட்டது.

இந்த உரைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "தோழர், நம்ம திருவையாறு தஞ்சாவூர் எம்.பி. தொகுதியில வருது, அது தெரியும். நம்ம ராஜ்யசபா எம்.பி. யாரு?" இருபது பேர் இருந்தோம். யாருக்கும் உடனே பதில் வரவில்லை. அடுத்து அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வர இன்னும் நேரம் பிடித்தது. "அதுல தனித்தொகுதி எத்தனை?"

ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கதையை அமெரிக்காவிலிருந்து தொடங்க வேண்டும். சட்டமன்றங்கள் மேலவைக்கு ஆள் அனுப்பும் முறையை அந்த நாடு 1789 முதல் 1913 வரை கையாண்டு பார்த்துவிட்டுக் கைவிட்டது. அந்தக் காலத்துக்குள் கறுப்பின மக்களுக்கு என்ன கிடைத்தது, என்ன பறிபோனது என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

சட்டமன்றம் அனுப்பிய செனட்டர்கள்

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதக் கூடியவர்கள் இரண்டு அவைகளை வைத்தார்கள். கீழவைக்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். மேலவையான செனட்டுக்கு மாநிலத்துக்கு இரண்டு பேர். அவர்களை யார் தேர்ந்தெடுப்பது? மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார் ஜேம்ஸ் வில்சன். மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஜான் டிக்கின்சன் முன்மொழிந்ததே நின்றது. இரண்டு காரணங்கள் சொன்னார்கள். ஒன்று, மத்திய அரசில் மாநிலங்களுக்கு ஒரு பிடி இருக்கும். இரண்டு, மக்களின் வேகத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும். இரண்டாவது காரணத்தைக் கவனியுங்கள். மேலவை என்று எந்த நாட்டில் வைத்தாலும் அதன் அடியில் ஓடும் எண்ணம் இதுதான். கீழே இருப்பவன் ஏதாவது செய்துவிடுவான், மேலே ஒரு பூட்டு வேண்டும்.

செனட்டராக முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், ஒன்பது ஆண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும், அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும். ஆறு ஆண்டுப் பதவி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். நம் மாநிலங்களவைக்கும் அதே ஆறு ஆண்டு, அதே மூன்றில் ஒரு பங்கு. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல.

தேர்தலை எப்படி நடத்துவது என்று நெடுங்காலம் பொது விதி இருக்கவில்லை. 1866இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் தனித்தனியே, வாயால் பெயர் சொல்லி ஓட்டுப் போட வேண்டும். இரண்டும் ஒரே ஆளைச் சொல்லாவிட்டால் கூட்டு அமர்வில் உட்கார்ந்து, ஒருவருக்குப் பெரும்பான்மை கிடைக்கும்வரை தினமும் ஓட்டெடுக்க வேண்டும்.

மக்களுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், சுற்றுவழியில் இருந்தது. 1858இல் இல்லினாய் மாநிலத்தில் லிங்கனும் டக்ளஸும் ஊர் ஊராகப் போய் விவாதித்தார்கள். அவர்கள் பெயர் எந்த ஓட்டுச் சீட்டிலும் கிடையாது. மக்கள் சட்டமன்ற உறுப்பினருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். பிறகு சட்டமன்றம் 54க்கு 46 என்ற கணக்கில் டக்ளஸைத் தேர்ந்தெடுத்தது. நாடறிந்த அந்த விவாதங்கள் லிங்கனுக்கு செனட் இடத்தைப் பெற்றுத் தரவில்லை.

ஹிரம் ரெவல்ஸ் உள்ளே போன நாள்

உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. தோற்ற தென் மாநிலங்களில் மத்திய அரசின் பாதுகாப்போடு கறுப்பின ஆண்கள் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள். மிசிசிப்பி சட்டமன்றத்துக்குள் கறுப்பின உறுப்பினர்கள் போனார்கள். அவர்கள் பெரும்பான்மை இல்லை. ஆனாலும் அவர்கள் ஓட்டு இல்லாமல் குடியரசுக் கட்சியால் நினைத்ததைச் செய்ய முடியாத நிலை இருந்தது. 1870 ஜனவரியில் செனட் இடங்களை நிரப்ப வேண்டி வந்தபோது அவர்கள் பேரம் பேசினார்கள்: ஒரு இடம் எங்கள் ஆளுக்கு. அப்படித்தான் ஹிரம் ரெவல்ஸ் என்ற பாதிரியார் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிடைத்தது ஓராண்டு சொச்சம் மிச்சமிருந்த இடம்தான்.

அவர் வாஷிங்டன் போனதும் எதிர்ப்பாளர்கள் எழுப்பிய ஆட்சேபம் என்ன தெரியுமா? ஒன்பது ஆண்டு குடியுரிமை இல்லை என்பது. 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பினத்தவர் குடிமக்களே அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அவர்களைக் குடிமக்கள் என்று அரசியல் சட்டம் ஒப்புக்கொண்டது 1868இல். ஆகவே இவர் குடிமகனாகி இரண்டு ஆண்டுதான் ஆகிறது என்று வாதாடினார்கள். அந்த மண்ணிலேயே பிறந்தவரிடம், நீ எப்போதிலிருந்து இந்த நாட்டுக்காரன் என்று கேட்கிற துணிச்சலைப் பாருங்கள். 1870 பிப்ரவரி 25 அன்று 48க்கு 8 என்ற ஓட்டில் அவரை அவை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர் அவர்.

அதே மிசிசிப்பி சட்டமன்றம் அடுத்து அனுப்பியவர் பிளான்ச் புரூஸ். அடிமையாகப் பிறந்தவர். 1875 முதல் 1881 வரை ஆறு ஆண்டுகளும் முழுமையாக இருந்தார். அவருக்குப் பிறகு அடுத்த கறுப்பின செனட்டர் எட்வர்ட் புரூக், மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலிருந்து, 1967இல். இடையில் 86 ஆண்டுகள் ஒருவரும் இல்லை.

நடுவில் என்ன நடந்தது? 1875 தேர்தலில் மிசிசிப்பியில் வெள்ளையர் கும்பல்கள் வன்முறையால் கறுப்பின மக்களை ஓட்டுச்சாவடிக்கு வராமல் தடுத்தன. 1890இல் அந்த மாநிலம் புதிய அரசியல் சட்டம் எழுதியது. ஓட்டுப் போட வரி, அரசியல் சட்டத்தை வாசித்து விளக்கம் சொல்லும் சோதனை என்று வைத்தார்கள். மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர் இருந்த மாநிலத்தில் அவர்கள் ஓட்டு துடைத்தெறியப்பட்டது. சட்டமன்றத்தில் அவர்கள் இல்லை. சட்டமன்றத்தில் இல்லை என்றால் செனட்டிலும் இல்லை.

தேர்தல் முறை மாறவில்லை. 1870இலும் 1890இலும் சட்டமன்றம்தான் செனட்டரைத் தேர்ந்தெடுத்தது. மாறியது அந்தச் சட்டமன்றத்துக்குள் யார் உட்கார்ந்தார்கள் என்பது. நம் பாஷையில் சொன்னால், வாய்க்கால் அதே வாய்க்கால்தான். மதகின் சாவி கைமாறிவிட்டது.

1913: முறை மாறியது, கதவு திறக்கவில்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த முறை நாற ஆரம்பித்தது. சில நூறு சட்டமன்ற உறுப்பினர்களை வாங்கினால் செனட் இடம் கிடைக்கும் என்றால் பணக்காரன் சும்மா இருப்பானா? மொன்டானாவில் செம்புச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க் லஞ்சம் கொடுத்த விவகாரம் செனட் விசாரணைவரை போனது. இல்லினாயில் 1909இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லியம் லோரிமரின் தேர்தல் ஊழல் காரணமாகச் செல்லாது என்று 1912இல் அறிவிக்கப்பட்டது. டெலவேர் சட்டமன்றத்தில் இழுபறி நீண்டு, 1901 முதல் 1903 வரை அந்த மாநிலத்துக்கு செனட்டில் ஒருவர்கூட இல்லை.

மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற இயக்கம் வலுத்து, 17ஆவது திருத்தம் 1913 ஏப்ரல் 8 அன்று நிறைவேறியது. பாடப்புத்தகங்கள் இதை ஜனநாயகத்தின் வெற்றி என்று எழுதும். வெற்றிதான். ஆனால் திருத்தம் விவாதத்தில் இருந்தபோது தென் மாநில உறுப்பினர்கள் ஒரு வால் கட்டப் பார்த்தார்கள். நேரடித் தேர்தலுக்குச் சம்மதம், ஆனால் செனட் தேர்தலைக் கண்காணிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கக் கூடாது என்றார்கள். கறுப்பின மக்களின் ஓட்டைத் தடுப்பதை யாரும் கேட்கக் கூடாது என்பதே அதன் பொருள். கீழவை அதையும் சேர்த்தே நிறைவேற்றியது. கான்சஸ் செனட்டர் ஜோசஃப் பிரிஸ்டோ கொண்டுவந்த மாற்றத்தால்தான் அந்த வால் வெட்டப்பட்டது.

நேரடித் தேர்தல் வந்தது. கறுப்பின மக்களுக்கு என்ன வந்தது? தெற்கில் ஒன்றும் வரவில்லை. அங்கே அவர்களுக்கு ஓட்டே இல்லையே! அதற்கு 1965இன் வாக்குரிமைச் சட்டம்வரை போராட வேண்டியிருந்தது.

மறைமுகத் தேர்தல் என்றாலே மோசம், நேரடித் தேர்தல் என்றாலே நல்லது என்று முடிவுகட்டாதீர்கள் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன். மறைமுகத் தேர்தல் ரெவல்ஸை அனுப்பியது. நேரடித் தேர்தல் பல பத்தாண்டுகள் யாரையும் அனுப்பவில்லை. ஓட்டு யார் கையில் இருக்கிறது, அவர்கள் சேர்ந்து நிற்க முடிகிறதா, அவர்களுக்கு உத்தரவு யார் போடுகிறார்கள் என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

பம்பாய் சாத்தியது, வங்காளம் திறந்தது

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1946 ஜூலையில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. மக்கள் ஓட்டுப் போடவில்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டார்கள். பத்து லட்சம் மக்களுக்கு ஓர் இடம். பொது, முஸ்லிம், சீக்கியர் என்று மூன்றே பிரிவு. பட்டியல் சாதியினருக்கு என்று தனி இடம் கிடையாது, பொதுப் பிரிவில் அடக்கிவிட்டார்கள்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த மாகாணத் தேர்தலில் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு படுதோல்வி அடைந்திருந்தது. காரணம் பூனா ஒப்பந்தம் வகுத்த முறை. 1932இல் இரட்டை வாக்குரிமையைப் பறித்துக்கொண்டு, மாகாணச் சட்டமன்றங்களில் 148 தனி இடங்களைக் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்துக்கு 30. முதற்கட்டத்தில் நம் மக்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். இறுதிக்கட்டத்தில் அந்த நால்வரில் ஒருவரை எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். சேரி முதலிடம் கொடுத்தவரை ஊர் தோற்கடிக்கலாம். சேரி கடைசியில் வைத்தவரை ஊர் ஜெயிக்க வைக்கலாம். 1946இல் பல இடங்களில் அதுதான் நடந்தது.

பம்பாய்ச் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கர் போக வழியில்லை. வழி வங்காளத்தில் திறந்தது. அங்கே கூட்டமைப்பின் ஒரே சட்டமன்ற உறுப்பினர் ஜோகேந்திரநாத் மண்டல், பாரிசால் பக்கத்து நாமசூத்திரர். அவர் வேறு சில பட்டியல் சாதி உறுப்பினர்களின் ஓட்டைத் திரட்டினார். தேர்தல் ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடந்ததால் ஓர் இடத்துக்குத் தேவைப்பட்டவை கைவிரலுக்குள் அடங்கும் ஓட்டுகள்தான். அந்தச் சில கைகள் இல்லாவிட்டால் அரசியல் சட்டத்தை வரைந்தவர் அந்த அவையின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது.

தேசப் பிரிவினையில் அந்த இடம் போயிற்று. ஆனால் அதற்குள் அவர் இல்லாமல் முடியாது என்பதைக் காங்கிரஸ் உணர்ந்துவிட்டது. ராஜேந்திர பிரசாத் பம்பாய்ப் பிரதமர் கேருக்குக் கடிதம் எழுத, ஜெயகர் விலகியதால் காலியான இடத்துக்கு 1947 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஓராண்டுக்கு முன் கதவைச் சாத்திய அதே சட்டமன்றம். ஆகஸ்ட் 29 அன்று வரைவுக் குழு அமைக்கப்பட்டது.

நம் சென்னைச் சட்டமன்றமும் அந்தச் சபைக்கு தாக்ஷாயணி வேலாயுதனை அனுப்பியது. அந்தச் சபையிலிருந்த ஒரே தலித் பெண் அவர். ஆனால் அவர் காங்கிரஸ் பட்டியலில் போனவர், தனி வாக்காளர் தொகுதியை எதிர்த்தவர். அவர் துணிச்சலிலோ அறிவிலோ குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் இரண்டு வழிகளுக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பாருங்கள். ஒருவரைப் பெரிய கட்சி தன் பட்டியலில் சேர்த்து அனுப்பியது. இன்னொருவரைச் சொந்த மக்களின் பிரதிநிதிகள் சில பேர் சேர்ந்து அனுப்பினார்கள்.

34ம் 44ம்

நம் அரசியல் சட்டத்தின் 80ஆவது பிரிவு, மாநிலங்களவை உறுப்பினர்களை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், விகிதாசாரப் பிரதிநிதித்துவப்படி, ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்ந்தெடுப்பார்கள் என்கிறது. மக்களவையில் நமக்குத் தனித்தொகுதி தருவது 330ஆவது பிரிவு. சட்டமன்றத்தில் தருவது 332. மாநிலங்களவைக்கு அப்படி ஒரு பிரிவே கிடையாது. 2023இல் வந்த மகளிர் இட ஒதுக்கீட்டுத் திருத்தமும் மக்களவை, சட்டமன்றங்களோடு நின்றுவிட்டது.

தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆறு இடங்கள் காலியாகும். ஓட்டுப் போடுபவர்கள் 234 பேர். கணக்கு எப்படி என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு ஓட்டுக்கும் 100 மதிப்பு. மொத்தம் 23,400. அதை இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிய 7ஆல் வகுத்து, வரும் முழு எண்ணில் ஒன்றைக் கூட்டினால் 3,343. ஆக, 33 பேர் ஒருவருக்கு முதல் விருப்ப ஓட்டுப் போட்டால் 3,300, போதாது. 34 பேர் போட்டால் 3,400, அவர் ஜெயித்துவிடுவார். மற்ற 200 பேரும் எதிர்த்தாலும் ஜெயித்துவிடுவார்.

இப்போது இன்னொரு எண். நம் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள் 44. நம் பக்கத்திலேயே திருவிடைமருதூர், திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், சீர்காழி. 44 என்றதும் இந்த அரங்கில் பலருக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். இரண்டு எண்களுக்கும் தொடர்பு கிடையாது, தற்செயல்தான். ஆனால் கீழத்தஞ்சைக்காரனால் அந்த எண்ணை வெறும் எண்ணாகச் சொல்ல முடிவதில்லை.

34 பேர் போதும். நாம் 44 பேர் இருக்கிறோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒருவரை, ஆறு ஆண்டில் மூன்று பேரை, யார் தயவும் இல்லாமல் மாநிலங்களவைக்கு அனுப்பும் எண்ணிக்கை நம்மிடம் இருக்கிறது. வங்காளத்தில் மண்டல் விரல்விட்டு எண்ணும் ஓட்டில் செய்ததைச் செய்ய, சட்டப்படி நமக்கு என்ன தடை?

ஏன் நடப்பதில்லை

முதல் தடை, அந்த 44 பேரும் யார் ஓட்டில் ஜெயித்தவர்கள் என்பது. தனித்தொகுதியில் வேட்பாளர்தான் நம்மவர், வாக்காளர் எல்லாரும். ஊரின் ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது, கட்சியின் சீட்டு இல்லாமல் நிற்கவே முடியாது. பூனா ஒப்பந்தத்தின் நிழல் இன்றும் நீள்கிறது.

இரண்டாவது தடை கண்ணுக்குத் தெரியாதது. நம் மாநிலத்தில் மாநிலங்களவைத் தேர்தல் பல முறை ஓட்டெடுப்பே இல்லாமல் முடிந்துவிடுகிறது. யாருக்கு எத்தனை எம்.எல்.ஏ. என்று தலைமைகள் கணக்குப் பார்க்கின்றன. ஆறு இடத்துக்கு ஆறு பேரே நிற்கிறார்கள். போட்டியின்றித் தேர்வு. தேர்ந்தெடுக்கும் உரிமை எம்.எல்.ஏ.க்களுக்கு என்கிறது அரசியல் சட்டம். தேர்ந்தெடுப்பது நாலைந்து தலைவர்களின் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது.

மூன்றாவது தடை 2003இல் வந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். ஒன்று, வேட்பாளர் அந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டியதில்லை, நாட்டில் எங்கே வாக்காளராக இருந்தாலும் போதும். இரண்டு, ரகசிய ஓட்டு போய் வெளிப்படை ஓட்டு வந்தது. கட்சி உறுப்பினர் தன் ஓட்டுச் சீட்டைப் பெட்டியில் போடும் முன் கட்சி நியமித்த முகவரிடம் காட்ட வேண்டும். காட்ட மறுத்தால் ஓட்டு செல்லாது. குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மாற்றங்களையும் ஏற்றுக்கொண்டது.

பணத்துக்கு ஓட்டை விற்பதைத் தடுக்கவே வெளிப்படை ஓட்டு என்றார்கள். மொன்டானா, இல்லினாய் கதைகளைக் கேட்ட பிறகு அந்தக் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதே விதி, மனசாட்சிப்படி தன் மக்களில் ஒருவருக்கு ஓட்டுப் போட நினைக்கும் தனித்தொகுதி எம்.எல்.ஏ.வின் கையையும் பிடித்துக்கொள்கிறது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தத் தேர்தலில் கட்சி சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டாலும் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகாது. அதே தீர்ப்பு அதைத் தெளிவாக்கியிருக்கிறது. கட்சி அவரை வெளியேற்றலாம், அடுத்த முறை சீட்டு மறுக்கலாம். சட்டம் தண்டிக்காது, தலைமை தண்டிக்கும்.

நம் மாநிலத்திலிருந்து தலித்துகள் மாநிலங்களவைக்குப் போனதே இல்லையா? போயிருக்கிறார்கள். தோழர் து. ராஜா 2007இலும் 2013இலும் போனார். அவையில் நம் குரலாக ஒலித்தார். ஆனால் அது கட்சிகளின் முடிவால் நடந்தது. நாளை அவை வேறு முடிவெடுத்தால் கேட்க நமக்குச் சட்டத்தில் இடம் இல்லை. உரிமைக்கும் பெருந்தன்மைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அந்த அவையில் என்ன இருக்கிறது?

கேட்கலாம்: அந்த அவையில் ஆள் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? 1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்கு 150 வேண்டும். ஒரே ஓட்டில் தோற்றது. அரசியல் சட்டத்தைத் திருத்தும் விஷயத்தில் மாநிலங்களவைக்கு மக்களவையோடு சம அதிகாரம் உண்டு. அங்கே தோற்றால் தோற்றதுதான்.

நம் தனித்தொகுதிகளின் ஆயுளும் அந்த அவையின் கையில் இருக்கிறது. 334ஆவது பிரிவு சட்டமன்ற, மக்களவைத் தனித்தொகுதிகளுக்குக் காலக்கெடு வைத்திருக்கிறது. பத்து பத்து ஆண்டாக நீட்டித்து, 104ஆவது திருத்தத்தின்படி அந்தக் கெடு 2030 ஜனவரியில் முடிகிறது. மறுபடி நீட்டிக்க மாநிலங்களவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். தனித்தொகுதியே இல்லாத அவை, தனித்தொகுதி தொடரலாமா என்று தீர்மானிக்கப்போகிறது.

ஊராட்சியிலும் இதே கதை

டெல்லி தூரம் என்று நினைப்பவர்கள் நம் ஊராட்சி அலுவலகத்துக்கு வாருங்கள். ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் சுழற்சி முறையில் நமக்கு இட ஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் ஒதுக்கீடு இல்லை. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். இந்த டெல்டாவில் ஒரு ஊராட்சியில், தனி ஊராட்சித் தலைவியாக ஜெயித்த ஒரு அக்கா தெருவிளக்குப் பல்பு வாங்கிய பில்லோடு துணைத்தலைவர் வீட்டு வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். "உள்ள வா"ன்னு சொல்லல தம்பி, "இல்ல"ன்னும் சொல்லல, நாளைக்குன்னு சொன்னாரு என்றார். அப்படி எத்தனை நாளை!

மக்கள் நேரடியாகப் போட்ட ஓட்டு அந்த அக்காவைத் தலைவியாக்கியது. சில பேர் உள்ளே போட்ட ஓட்டு அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டது. ஒதுக்கீடு இருக்கும் இடத்துக்கு மேலே, ஒதுக்கீடு இல்லாத ஒரு பூட்டு. மாநிலங்களவையும் இதே வடிவம்தான், அளவு மட்டும் பெரிது.

என்ன கேட்பது?

மாநிலங்களவையில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு வேண்டும் என்பது முதல் கோரிக்கை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 20 விழுக்காடு. 18 இடங்களில் மூன்று, நான்கு வரும். தொகுதியே இல்லாத தேர்தலில் எப்படி ஒதுக்குவது என்று கேட்பார்கள். காலியாகும் ஆறு இடங்களில் ஒன்று பட்டியல் சாதியினருக்கு என்று அறிவித்தால் போதும். ஓட்டு எண்ணும்போது அந்த ஓர் இடத்தை முன்னணியில் இருக்கும் பட்டியல் சாதி வேட்பாளருக்குக் கொடுக்க விதி எழுதுவது பெரிய வித்தையல்ல. ஒற்றை மாற்று வாக்கை எண்ணத் தெரிந்த நாட்டுக்கு இதுவும் தெரியும்.

அரசியல் சட்டத் திருத்தம் நாளை வந்துவிடாது. அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாநிலங்களவைத் தேர்தல் அறிவிப்பு வரும்போதும் 44 தனித்தொகுதி உறுப்பினர்களிடமும் நேரில் போய், எழுத்தில் கேளுங்கள்: உங்கள் கட்சியின் பட்டியலில் நம்மவர் யார்? இல்லையென்றால் ஏன் என்று தலைமையிடம் கேட்டீர்களா? மிசிசிப்பியில் சிறுபான்மையாக இருந்த கறுப்பின உறுப்பினர்கள் கட்சிக்குள் இருந்துகொண்டே பேரம் பேசித்தான் ரெவல்ஸை அனுப்பினார்கள். கட்சியை விட்டு வா என்று நாம் கேட்கவில்லை. கட்சிக்குள் வாயைத் திற என்று கேட்கிறோம். அவர்கள் வாயைத் திறக்க வேண்டுமானால், திறக்காவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த மாணவிக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறேன். தமிழ்நாட்டின் 18 பேரும் உனக்குப் பொறுப்பானவர்கள், அவர்களில் யாரையும் உன்னைக் கேட்டு அனுப்பவில்லை. அடுத்த தேர்தலுக்கு முன் 44 கடிதங்கள் எழுதலாம் வா. முகவரிகள் சட்டமன்றத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து தொடங்கலாம்.

ஜெய்பீம்.